கப்பல் எரிபொருள் மாற்றம்: ராமநாதபுரம் கரைக்கு எது ஒத்துவரும்?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் (சூரிய, காற்று மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரிப்பது) மையங்களில் ஒன்றாக ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே ஒரு சிறிய ஹைட்ரஜன் சோதனை ஆலை தொடங்கப்பட்டது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்ப, 750 கன மீட்டர் கொள்ளளவில் ஒரு நிலையத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். தூத்துக்குடியில் நடப்பதற்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வேம்பாருக்கு வடக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பவர்கள் விட்டுவிட முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவேதான் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தத் துறைமுகத்தில் எந்த எரிபொருளைச் சேமித்து வைக்கிறார்களோ, அது சிந்தினால் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வலைகளுக்கும் சேர்த்துத்தான் சிந்தும்.

கப்பல் புகையைக் குறைக்க என்ன செய்யலாம் என்ற பேச்சு நம் பக்கமும் வர ஆரம்பித்துவிட்டது. சேது கால்வாய் வெட்டினால் கப்பல்கள் இலங்கையைச் சுற்ற வேண்டாம், புகையும் குறையும் என்கிறார்கள் சிலர். கேஸில் ஓடும் கப்பல்தான் வழி என்கிறார்கள் வேறு சிலர். மெத்தனால், அம்மோனியா, பாய் என்றும் காதில் விழுகிறது. நாளைக்கே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினால் மீனவர் சங்கங்களும் ஊராட்சிகளும் எதை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது, எதற்கு நிபந்தனை போடுவது? அதை இப்போதே யோசித்து வைக்கத்தான் இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிபொருளை மாற்றுவதற்கு முன்னால் எரிப்பதைக் குறைக்க வேண்டும்: வேகக் குறைப்பு, கப்பலின் சுத்தமான அடிப்பாகம், காற்று. மாற்று எரிபொருள் என்று வந்தால் இந்தக் கடலுக்கு மெத்தனால் பரவாயில்லை, ஆனால் காவல் வேண்டும். அம்மோனியாவைப் பவளத்திட்டுகளுக்குப் பக்கத்தில் விடக் கூடாது. திரவமாக்கிய இயற்கை எரிவாயுவான எல்என்ஜி வேண்டாம். கார்பனைக் காரணம் காட்டிக் கால்வாய் வெட்டுவதும் வேண்டாம்.

இனி காரணங்கள். உலக வணிகச் சரக்கில் எடைக் கணக்குப்படி 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் நான்காவது ஆய்வுப்படி, 2018-ல் கப்பல்கள் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்கள் 107.6 கோடி டன். மனிதர்களால் வெளியாகும் மொத்தத்தில் இது 2.89 சதவீதம். 2023 ஜூலையில் ஐஎம்ஓ தன் இலக்கைத் திருத்தி, 2050 வாக்கில் நிகரச் சுழியம் (வெளியிடுவதும் திரும்ப எடுப்பதும் சமம்) என்று அறிவித்தது. 2008-ம் ஆண்டை ஒப்பிட்டு 2030-க்குள் குறைந்தது 20 சதவீதம், 2040-க்குள் குறைந்தது 70 சதவீதம் குறைய வேண்டும் என்று நடுவழிக் குறிகளும் வைத்தது.

இதை நடத்திக்காட்ட ஒரு விலை வேண்டும். 5,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வரம்பைத் தாண்டி வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் 100 டாலர் அல்லது 380 டாலர் கட்ட வேண்டும் என்ற திட்டம் 2025 ஏப்ரலில் ஐஎம்ஓவில் 63-க்கு 16 என்ற வாக்கில் தேறியது. இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் அக்டோபரில் இறுதி ஒப்புதலுக்கு வந்தபோது, 57-க்கு 49 என்ற வாக்கில் ஓராண்டு ஒத்திவைத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் காத்திருக்கவில்லை. தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களிடம் 2024 முதல் கார்பன் கணக்குக் கேட்கிறது. நம் கரையிலிருந்து குளிர்பெட்டியில் போகும் இறாலும் கணவாயும் ஐரோப்பாவுக்குப் போனால் அந்தச் செலவு சரக்குக் கூலியில் வந்து சேரும். ஆகவே இது எங்கோ லண்டனில் ஐஎம்ஓ பேசி முடிக்கும் விஷயம் இல்லை.

கடல் சூடாவது என்னவென்று நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. பவளம் போனால் அதில் ஒண்டும் மீன் போகும், தீவுக்கு அலைத் தடுப்பும் போகும். அந்த 21-ல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. அவற்றைக் கொன்றது முக்கியமாகப் பவளக் கற்களை வெட்டி எடுத்ததுதான். இனி மிச்சம் இருப்பதைச் சூடு பார்த்துக்கொள்ளும். கப்பல் புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. குறைக்கும் வழி இந்தக் கடலைக் கெடுப்பதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனவே ஒவ்வொரு வழியிலும் நான் பார்ப்பது இவற்றை: எரிபொருள் தயாராகும் இடத்திலிருந்து புகைபோக்கி வரை உண்மையில் எவ்வளவு குறையும், அது இன்றைக்குக் கையில் இருக்கிறதா, கசிந்தாலும் கவிழ்ந்தாலும் தீவுகளுக்கும் வலைக்கும் என்ன ஆகும், கப்பலில் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு என்ன ஆகும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை பக்கம் கப்பலுக்குப் போனவர் இல்லாத தெரு குறைவு. கடைசிக் கேள்வி அதனால் வந்தது.

கால்வாய்க் கணக்கு

சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலை 2-ல் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் என்பது திட்டம். 424 கடல்மைல் வரை தூரமும் 30 மணி நேரம் வரை பயணமும் மிச்சமாகும் என்றார்கள். ஆதம் பாலம் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் தூர்வாருவது நின்றது. திட்டம் பொருளாதாரப்படியும் சூழலியல்படியும் தேறாது என்று, அதை ஆராய ஒன்றிய அரசு அமைத்த பச்சௌரி குழு பின்னர் சொன்னது. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை மறுபடி எடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இப்போது 'குறைந்த தூரம், குறைந்த புகை' என்ற புது வாதமும் சேர்ந்திருக்கிறது.

அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் கரையோரக் கப்பலுக்கு மிச்சம் மெய்யானது. ஆனால் 424 மைல் என்பது எல்லாக் கப்பலுக்கும் கிடைக்கும் எண் இல்லை. சூயஸ் வழியாக வந்து கொல்கத்தா போகும் கப்பலுக்குக் கிடைப்பது அதைவிட மிகவும் குறைவு. அதிலும் கால்வாய்க்குள் மெதுவாகத்தான் போக வேண்டும், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறி இறங்கக் காத்திருக்க வேண்டும். 12 மீட்டர் கால்வாயில் நடுத்தரக் கப்பல்கள்தான் நுழையும். அதிகம் எரிக்கும் பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்கு 16 மீட்டர் தண்ணீர் வேண்டும். அவை என்றைக்கும் போல இலங்கைக்குத் தெற்கே, தேவேந்திரமுனைக்கு வெளியேதான் போகும்.

பாம்பனில் நின்று பார்த்தவர்களுக்கு ஒடுக்கமான கடலில் கப்பல் ஓட்டுவது எப்படி என்று தெரியும். தூக்குப்பாலம் திறக்கும் நாளில் இழுவைக் கப்பலும் மிதவையும் தெற்கே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். நீரோட்டம் பார்த்து, பைலட் ஏறி, பாலத்தில் ரயில் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்கு செங்குத்தாக மேலே போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீரோட்டமும் மணலும் பாலத்துக்குக் கட்டுப்படாது. பாக் நீரிணையில் வெட்டிய மணல் வெட்டிய இடத்திலேயே திரும்ப வந்து விழும். எட்டுக் கோடி கன மீட்டருக்கு மேல் முதலில் தோண்ட வேண்டும், பிறகு காலமெல்லாம் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தூர்வாரும் கப்பலும் எண்ணெய் எரித்துத்தான் தோண்டும். கிளம்பும் சேறு பவளத்தின் மேலும் கடற்புல்லின் மேலும் படியும்.

இன்னொன்று: இந்தக் கால்வாயால் அதிகம் மிச்சம் பிடிப்பது தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வடக்கேயிருந்து வரும் நிலக்கரிக் கப்பல்கள். கடலில் போகும் சரக்கில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயுதான். நிலக்கரி எரிப்பது குறைந்தாலே அந்தக் கப்பல்கள் தானாகக் குறையும். கால்வாயை வேறு காரணங்களுக்காக ஒருவர் ஆதரிக்கலாம். கார்பனைக் காரணமாகச் சொன்னால் கணக்கு தேறாது.

குறைத்து எரிப்பது

கப்பலின் வேகத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள கணக்கு நமக்குச் சாதகமானது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் இன்ஜின் கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 27 சதவீதம் குறைகிறது. பயண நேரம் நீளுவதால் அதில் ஒரு பகுதி போய்விடும். அப்படியும் அதே தூரத்துக்குக் கிட்டத்தட்ட 19 சதவீத எரிபொருள் மிஞ்சும். புது இன்ஜின் வேண்டாம், புது டேங்க் வேண்டாம். 2008-ல் உலக வணிகம் படுத்தபோது கப்பல் கம்பெனிகள் எண்ணெய்ச் செலவுக்குப் பயந்து இதைத்தான் செய்தன.

பிறகு ஏன் எல்லாரும் செய்யவில்லை? ஒரு காரணம் ஒப்பந்தம். சரக்கை முடிந்த வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகக் கப்பல்காரர் கையெழுத்துப் போட்டிருப்பார். துறைமுகத்தில் இடம் இல்லை என்று தெரிந்தாலும் விரைந்து போய் வெளியே நங்கூரம் போட்டு வரிசையில் நிற்பார். காத்திருந்த நாளுக்குத் தாமதக் கட்டணமும் கிடைக்கும். எரித்த எண்ணெய் வீண். துறைமுகம் 'இன்ன நேரத்துக்கு வா' என்று முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தமும் அதற்கு இடம் கொடுத்தால் இந்த வீண் நின்றுவிடும். தூத்துக்குடித் துறைமுகத்திடம் நாம் கேட்கக்கூடிய, பெரிய செலவில்லாத முதல் விஷயம் இது.

குறை இல்லாமல் இல்லை. மெதுவாகப் போனால் அதே சரக்குக்குக் கூடுதல் கப்பல்கள் வேண்டும். இறால் பெட்டியின் குளிர்சாதனம் கூடுதல் நாள் ஓட வேண்டும். கப்பலில் இருப்பவருக்கு வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகும். இதையெல்லாம் கழித்தாலும் லாபம் பெரியது.

அடிப்பாகத்தின் சங்கதியும் இதோடு சேர்ந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன் கரைகளில் நடந்து பாருங்கள். கரையேற்றிய விசைப்படகின் அடியில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் விரற்கடை கனத்துக்கு அப்பியிருக்கும். மல்லாந்து படுத்தபடி இரும்புச் சுரண்டியால் பெயர்ப்பார்கள். முகத்திலும் மார்பிலும் ஓட்டுத் தூள் கொட்டும். கையை அறுக்கும். பிறகு பலகை இடுக்கை அடைத்து, பெயின்ட் அடித்து இறக்குவார்கள். அடி சுத்தமான படகு அதே டீசலுக்குக் கூடுதல் தூரம் ஓடும் என்பதை எந்தச் சம்மாட்டியை (படகு உரிமையாளரை) கேட்டாலும் சொல்வார். பெரிய கப்பலுக்கும் இதே விதிதான். கப்பலின் அடிப்பரப்பில் பாதியில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வழவழப்பான பாசி படிந்தாலே, கப்பலையும் வேகத்தையும் பொறுத்து, வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்று ஐஎம்ஓவின் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நம்ப முடியாத அளவு பெரிய எண், ஆனால் படகுக்காரர்களுக்கு அதிர்ச்சி தராது.

இதில் ஒரு நிபந்தனை போட வேண்டும். கப்பலைத் தண்ணீரில் நிறுத்தியே சுரண்டினால், செம்பு கலந்த பெயின்டும் வேறு கடலிலிருந்து ஒட்டிவந்த உயிர்களும் இங்கே விழும். வெளியிலிருந்து வந்த உயிரினம் என்ன செய்யும் என்பதைக் குருசடைத் தீவில் பார்த்திருக்கிறோம். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி அங்கே பவளத்தின் மேல் போர்வையாகப் படர்ந்து மூச்சை அடைத்தது. அது கப்பலில் வந்ததில்லை. இருந்தாலும் பாடம் ஒன்றுதான். சுரண்டிய கழிவை உறிஞ்சிச் சேகரிக்கும் கருவி இல்லாமல் வளைகுடாவுக்குள் கப்பல் அடியைச் சுத்தம் செய்ய அனுமதி தரக் கூடாது.

காற்று

எனக்கு மனம் அதிகம் ஒட்டுவது இந்த வழியில்தான். கீழக்கரை மரைக்காயர்களின் கப்பல்கள் காற்றில்தான் ஓடின. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போனதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக் நீரிணையில் வத்தைகள் பாய் கட்டி ஓடியதும் அப்படித்தான். கச்சான் காற்று எப்போது எழும், வாடைக் காற்று எப்போது திரும்பும் என்பது இங்கே பிழைப்போடு கலந்த அறிவு.

இப்போதைய கப்பல் பாய் துணியால் ஆனதில்லை. 2023 ஆகஸ்டில் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பல் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு விறைப்பான இறக்கைகளோடு கடலுக்குப் போனது. சராசரியாக நாளொன்றுக்கு 3 டன் எரிபொருள் மிச்சமானதாக முதல் சில மாத ஓட்டத்துக்குப் பின் சொன்னார்கள். ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரியமில வாயு வரும். அப்படியானால் ஒரே கப்பலில் நாளுக்கு 9 டன் குறைகிறது. சுழலும் உருளையை நட்டுக் காற்றை உந்து விசையாக்கும் இன்னொரு முறையை ஜெர்மானியர் ஆன்டன் ஃபிளெட்னர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தார். அவருடைய கப்பல் 1926-ல் அட்லாண்டிக்கைக் கடந்தது. எண்ணெய் மலிந்ததால் உலகம் அதை மறந்தது.

காற்று முழுத் தீர்வு இல்லை. பாதையைப் பொறுத்து ஐந்து முதல் இருபது சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். மேல்தளத்தில் பெட்டி அடுக்கும் கன்டெய்னர் கப்பலில் இடமே இருக்காது. தானியம், தாது, எண்ணெய் ஏற்றும் கப்பல்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் காற்று கசியாது, கொட்டாது, வெடிக்காது. நான் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றில்கூடத் தோற்காத வழி இது மட்டும்தான்.

கமுதியை வைத்து ஒரு கணக்கு

மாற்று எரிபொருளுக்குப் போகுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நம் மாவட்டத்தின் பெருமை. அது வருடம் முழுக்க ஐந்தில் ஒரு பங்கு திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டால் சுமார் 113 கோடி யூனிட் மின்சாரம். ஒரு டன் பசுமை அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 10,000 யூனிட் வேண்டும். ஆக, நிலையத்தின் மொத்த மின்சாரத்தையும் கொடுத்தால் 1.13 லட்சம் டன் அம்மோனியா. அம்மோனியாவில் எண்ணெயின் வெப்பத்தில் பாதியைவிடக் குறைவுதான் உண்டு. அதனால் இது 52,000 டன் கப்பல் எண்ணெய்க்குச் சமம். நாளுக்கு 100 டன் எரிக்கும் பெரிய கப்பல் வருடத்தில் 250 நாள் ஓடினால் 25,000 டன். 2,500 ஏக்கர் பேனல்களும் சேர்ந்து இரண்டே இரண்டு கப்பல்களை ஓட்டும். உலகில் ஒரு லட்சத்துக்கு மேல் கப்பல்கள் இருக்கின்றன.

குறைத்து எரிப்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான். மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டன்னும் ஒரு வயல் அளவு பேனலையும் அதற்கான தண்ணீரையும் மிச்சம் பிடிக்கிறது. தண்ணீரைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். பசுமை அம்மோனியாவின் மூலப்பொருளான ஹைட்ரஜன் ஒரு கிலோ எடுக்கக் குறைந்தது 9 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயை எதிர்பார்த்துக் குடங்களை வரிசை வைக்கும் மாவட்டம் இது. ஆலை வந்தால் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்க வேண்டும். மிஞ்சும் உப்புக் கழிவை எங்கே விடுவார்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்.

எல்என்ஜி

புகைபோக்கியில் மட்டும் அளந்தால் எல்என்ஜி கரியமில வாயுவை 20 முதல் 25 சதவீதம் குறைக்கும், கந்தகமும் கரியும் அநேகமாக இருக்காது. சிக்கல், எரியாமல் தப்பிக்கும் மீத்தேன். சில வகை இன்ஜின்களில் எரிபொருளின் 3.1 சதவீதம் அப்படியே வெளியேறுவதாக ஐரோப்பிய விதிகள் கணக்கில் எடுக்கின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். ஒரு டன் எல்என்ஜி எரிந்தால் 2.75 டன் கரியமில வாயு. தப்பித்த மீத்தேனால் வரும் சூடு இன்னொரு 2.5 டன்னுக்குச் சமம். பழைய எண்ணெயைவிட மோசம். உயர் அழுத்தத்தில் ஓடும் பெரிய இன்ஜின்களில் இந்தக் கசிவு மிகவும் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கிணற்றிலும் குழாயிலும் கசிவது தனி. இன்று எல்என்ஜி கப்பல் கட்டினால் அது 25 ஆண்டு ஓடும், 2050 அதற்குள் வந்துவிடும். வேண்டாம்.

தாவர எண்ணெய் எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய இன்ஜினிலேயே ஊற்றலாம் என்பது வசதி. பொரித்து மிஞ்சிய எண்ணெய் உலகக் கப்பல்களுக்குப் போதாது, விமானங்களும் அதையே கேட்கின்றன. பனை எண்ணெய்க்காகக் காட்டை வெட்டினால் கணக்கு தலைகீழாகும்.

மெத்தனாலா, அம்மோனியாவா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மெத்தனாலில் ஓடும் முதல் கன்டெய்னர் கப்பலான லாரா மேர்ஸ்க் 2023-ல் ஓட ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே பெரிய கப்பல்களும் வந்தன. சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும். எண்ணெயைப் போல டேங்கில் ஊற்றலாம். ஆனால் அதே தூரத்துக்கு இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும். தூத்துக்குடியில் வரும் 750 கன மீட்டர் நிலையம் சுமார் 590 டன் கொள்ளும். சிறிய கப்பல்களுக்குத் தொடக்கமாகப் போதும்.

கடலில் கொட்டினால்? 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது அதன் டேங்குகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயில் இருந்தது. அந்த மாதிரி ஒரு கப்பல் முயல் தீவுக்குப் பக்கத்தில் தட்டியிருந்தால் தார் போன்ற அந்த எண்ணெய் பவள இடுக்குகளில் வருடக்கணக்கில் ஒட்டியிருக்கும். மெத்தனால் தண்ணீரில் கரைந்துவிடும், நுண்ணுயிர்கள் நாள் கணக்கில் தின்று முடித்துவிடும். கொட்டிய இடத்தில் மீன் சாகும். ஆனால் கடல் மீளும். இந்த ஒரு காரணத்துக்காகவே மெத்தனால் பக்கம் சாய்கிறேன்.

ஆனால் மெத்தனால் என்ற பெயர் தமிழ்நாட்டில் சும்மா காதில் விழும் பெயர் இல்லை. 2023-ல் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து கொன்றது இதுதான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான டன் வைத்தால், லாரியிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் ஒரு சொட்டு வெளியே போகாமல் கணக்கு வைக்க வேண்டும். நிறமும் கசப்புச் சுவையும் சேர்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். இது கப்பல் நிபுணர்களின் பட்டியலில் இருக்காது. நம் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும்.

மெத்தனாலுக்குள் கார்பன் இருக்கிறது. இன்று உலகில் விற்கும் மெத்தனாலில் பெரும்பகுதி எரிவாயுவிலும் நிலக்கரியிலும் செய்தது. அதை எரித்தால் ஒரு லாபமும் இல்லை. பசுமை மெத்தனாலுக்குக் கார்பன் மரம், செடி, கழிவு வழியாக வர வேண்டும். அதற்கு நம்மிடம் சீமைக்கருவேலம் இருக்கிறது. சுமார் இரண்டு டன் காய்ந்த விறகை வாயுவாக்கினால் ஒரு டன் மெத்தனால் எடுக்கலாம். கண்மாய்களை அடைத்து நிற்கும் மரத்துக்கு இதைவிட நல்ல வழி தோன்றவில்லை. ஆனால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அந்த விறகை நம்பித்தான் இருக்கின்றன. ஆலை வந்தால் விறகு விலை அவர்கள் கைக்கு எட்டாமல் போகலாம். வெட்டுவதும் விற்பதும் அவர்கள் வழியாகவே நடக்கும் என்று எழுத்தில் வேண்டும்.

அம்மோனியா கார்பனே இல்லாத எரிபொருள். காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் போதும், விறகு தேட வேண்டாம். மைனஸ் 33 டிகிரியில் திரவமாகும். மெத்தனாலைவிடப் பெரிய அளவில் செய்ய முடியும் என்பதால்தான் பலரும் அதன் பின்னால் போகிறார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். சரியாக எரியாவிட்டால் வரும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும் என்றாலும், அதை இன்ஜின் செய்பவர்கள் சரிசெய்யக்கூடும்.

சரிசெய்ய முடியாதது அதன் நஞ்சு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அம்மோனியா புதிதில்லை. வால்வில் லேசாகக் கசிந்தாலே கண் எரியும், நெஞ்சை அடைக்கும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்று வரும் பக்கமாக ஓடுவார்கள். 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மீனவக் குடும்பங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தன. அங்கே கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத இடத்தில் 49 மில்லிகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. மீன் செவுளுக்கு அம்மோனியா நேரடி விஷம். எண்ணூரில் கசிந்தது ஒரு குழாயில். கப்பலின் எரிபொருள் டேங்கில் இருப்பது ஆயிரக்கணக்கான டன்.

டேங்கர் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் கீழக்கரைத் தம்பி ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னது: "காக்கா, ஃபர்னஸ் ஆயில் கொட்டினா துடைச்சுட்டுக் குளிச்சாப் போச்சு. அம்மோனியா கசிஞ்சா ஓடுறதுக்குக் கப்பல்ல எங்க இடம் இருக்கு?" இரட்டைச் சுவர்க் குழாயும் மோப்பக் கருவியும் முகமூடியும் வரும் என்று அவருக்கும் தெரியும். புதுக் கப்பலில் எல்லாம் இருக்கும். இருபது வருடம் ஓடி, மூன்று கை மாறி, கொடி மாற்றிய கப்பலில் அவை வேலை செய்யுமா என்பதுதான் அவர் பயம். அந்தக் கப்பல்களில்தான் நம் ஊர்ப் பையன்கள் முதல் வேலைக்கு ஏறுகிறார்கள்.

ஆகவே அம்மோனியா எங்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழ்கடல் நீண்ட தடங்களில், தேறிய கப்பல்களில், பயிற்சி பெற்ற ஆட்களோடு உலகம் முயன்று பார்க்கட்டும். மன்னார் வளைகுடாவுக்குள் கப்பலிலிருந்து கப்பலுக்கு அதை நிரப்ப விடக் கூடாது என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

குறுகிய தூரத்துக்கு இந்த வாதமே தேவையில்லை. 2017 முதல் கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே சூரிய மின்சாரப் படகு ஆட்களை ஏற்றிப்போகிறது. ராமேஸ்வரம் - தலைமன்னார் படகு மறுபடி வருமானால் அது பேட்டரியில் ஓட வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை. தூரம் அதற்கு ஒத்துவரும்.

கருத்துக் கேட்பில் சொல்ல வேண்டியவை என்று நான் நினைப்பது இவ்வளவு. தூத்துக்குடி வரும் கப்பல்களுக்கு நேரம் சொல்லி வரவழைக்கும் முறை உடனே வேண்டும். இறக்கை, உருளை பொருத்திய கப்பலுக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகை வேண்டும். மெத்தனால் நிலையம் வரட்டும். பசுமைச் சான்று, சாராயத் தடுப்புக் காவல், கரிமூட்டக்காரர்களுக்குப் பங்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு 1990-ல் ஐஎம்ஓ கொடுத்த 'மிகவும் நுட்பமான கடற்பகுதி' என்ற தகுதி, 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் மன்னார் வளைகுடாவுக்கு இன்னும் இல்லை. அதைக் கேட்க ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். கிடைத்தால் கப்பல்கள் தீவுகளிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று சட்டமாகச் சொல்லலாம்.

எந்த எரிபொருள் வந்தாலும், கசிவு எச்சரிக்கை தமிழில் வர வேண்டும். விசைப்படகில் விஎச்எஃப் வயர்லெஸ் இருக்கும். நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் பல நேரம் இருக்காது. புயல் வரும்போது பள்ளிவாசல், கோயில், மாதா கோயில் ஒலிபெருக்கியில் சொல்வது போல இதற்கும் ஊர் ஊராக ஓர் ஏற்பாடு வேண்டும். அந்தச் செலவைத் துறைமுகம் ஏற்க வேண்டும்.